கட்டம் சின்னது

என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. எண்ணத் தெரியும். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடி ரேகையைத் தொட்டுத் தொடங்குவார். விரலுக்கு மூன்று ரேகை, ஒரு நுனி என்று நான்கு நான்காக ஏறிப் போவார். நான்கு விரல் முடியும்போது பதினாறு. அப்போது இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்வார். பள்ளியில் எனக்குப் பத்துப் பத்தாக எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்த சமயம் அது. "பாட்டி, நீங்க தப்பா எண்றீங்க" என்றேன். "ஒங்க டீச்சருக்கு ஒரு கையில அஞ்சுதான் இருக்குபோல" என்றார்.

பத்து வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் முதலாண்டில், பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையை விரிவுரையாளர் பலகையில் எழுதினார். பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை இலக்கங்கள். போதாததற்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள். பதினாறு வந்ததும் அடுத்த இடத்துக்கு ஒன்று. வகுப்பில் பாதிப்பேர் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சுங்கை பஞ்சாங் வீட்டுத் திண்ணையும் பாட்டியின் மடங்கிய விரலும்தான் ஞாபகம் வந்தன.

பதினாறு எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பாசாரில் வயதானவர்கள் இன்னும் 'ஒரு கட்டி மீன்' என்றுதான் கேட்பார்கள். ஒரு கட்டிக்குப் பதினாறு தாஹில். தேர்தல் சின்னமாக இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த டாச்சிங் தராசில் நிறுத்த எடை அது. பதினாறின் வசதி எளிது. பாதி எட்டு, அதில் பாதி நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கு முறை பாதியாக்கினாலும் மிச்சம் விழாது. பத்தை ஒரு முறை பாதியாக்கினால் ஐந்து. அதற்குமேல் உடைக்க முடியாது.

மிச்சம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பாட்டி ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, செம்பனையாகிவிட்டது. காலையில் சேர்த்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனால் கிராணி எடைபோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ஒருநாள் தராசு முள் முப்பத்தெட்டே முக்கால் ராத்தலில் நின்றது. கிராணி முப்பத்தெட்டு என்று எழுதினார். பாட்டி கேட்டிருக்கிறார். "முக்கால் எங்க போச்சுன்னு கேட்டா, புக்குல கட்டம் சின்னதுன்னு சொல்றான். சரி, கட்டம் சின்னதுன்னா முப்பத்தொம்போதுன்னு எழுதியிருக்கலாம்ல? அதுக்கும் அதே கட்டந்தானே?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் இப்போதுதான் கணக்காகப் பார்க்கிறேன். அதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கட்டம் சின்னது என்பது. அது பொய்யல்ல. உலகத்தில் எல்லாக் கட்டமும் சின்னதுதான். இன்னொன்று, கட்டத்துக்குள் அடங்காததை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது.

முதல் விஷயம் சுத்தமான கணிதம். பத்து ரிங்கிட்டை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3.33, ஒரு சென் மிஞ்சும். அந்த ஒரு சென் யாருடைய பேராசையாலும் பிறக்கவில்லை. பத்து மூன்றால் வகுபடாததால் பிறந்தது. பன்னிரண்டை அடிமானமாக வைத்து எண்ணும் ஒரு சமூகத்தில் மூன்றில் ஒன்று ஒரே இலக்கத்தில் முடிந்துபோகும். ஆனால் அவர்களுக்கு ஐந்தில் ஒன்று முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கணினி இரண்டை அடிமானமாக வைத்து எண்ணுகிறது. அதனால் நமக்குச் சாதாரணமாகத் தெரியும் பத்தில் ஒன்று அதற்கு முடிவில்லாத பின்னம்: 0.000110011001100 என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று காட்டுவது இதனால்தான். அது கணினியின் முட்டாள்தனம் அல்ல. கட்டம் சின்னது, அவ்வளவுதான்.

ஓர் எண்முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் மிச்சம் விழும். நம் நாட்டில் 1972இல் எடை அளவைச் சட்டம் வந்து, மெல்ல மெல்ல கிலோவுக்கு மாறினோம். ஒரு கட்டி சரியாக 604.79 கிராம். இன்று கட்டி என்று கேட்டால் 600 கிராம் போடுகிறார்கள். 4.79 கிராம் எங்கே? அதைத் தேடி யாரும் வழக்குப் போடவில்லை. போடவும் வேண்டியதில்லை.

எல்லா எண்முறையிலும் முடிகிற எண்கள் சில, முடியாத எண்கள் சில. மிச்சமே விழாத அடிமானம் ஒன்று கிடையாது. அப்படியென்றால் மிச்சத்தை யார் தலையிலாவது கட்டுவதற்கு 'கணக்கு அப்படி' என்பது போதுமான பதிலா? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்குமுன் நம்முடைய பழைய கணக்கர்கள் மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். ஒன்றும் அதற்கு மேலும் உள்ளவை மேல்வாய் இலக்கம். ஒன்றுக்குக் கீழே உள்ள பின்னங்கள் கீழ்வாய் இலக்கம். கால், அரை, முக்கால் நமக்கு இன்றும் பழக்கம். அதற்குக் கீழே அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் சரியாகப் பதினாறில் ஒன்று. அதற்கு வீசம் என்றும் பெயர். பாட்டியின் ஒரு கையில் ஒரு ரேகை. ஒரு கூட்டல் கணக்கே பெயராகிவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்த வரிசையின் அடியில் முந்திரி இருக்கிறது. 320இல் ஒன்று. ஏன் 320? அது ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் பெருக்கிய தொகை. பாதி பாதியாக உடைக்கவும் ஐந்தாகப் பிரிக்கவும் தோதான எண். மூன்றில் ஒன்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை. ஆனால் நெல் அளக்கப் போனால் எண்முறையே மாறிவிடும். எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலம் நெல்லை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு தூணி. ஒரு மணிகூட மிஞ்சாது. ஒவ்வொரு படியிலும் வேறு அடிமானம். ஒரே அடிமானம் எல்லாப் பங்குக்கும் ஒத்துவராது என்பது அளந்து பழகிய கைகளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

முந்திரிக்கும் கீழே மிச்சம் விழுந்தால்? அங்கேதான் விஷயம். அதை அவர்கள் தூக்கி எறியவில்லை. முந்திரியையே ஒன்றாகப் பாவித்து, அதை மறுபடி 320ஆகப் பிரித்தார்கள். அதற்குப் பெயர் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. அதற்கும் கீழே இன்னொரு கீழ் போடலாம். பொறியியல் படித்தவனுக்கு இது உடனே புரியும்: 320ஐ அடிமானமாகக் கொண்டு, புள்ளிக்கு வலப்பக்கம் இடம் இடமாக நகர்கிறார்கள். கட்டம் சின்னது என்றால் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு என்பதுதான் அந்த வழி.

ராஜராஜ சோழன் காலத்தில் ஒரு வேலி நிலத்தில் 52,42,88,00,000இல் ஒரு பங்குவரை கணக்கிட்டு வரி விதித்தார்கள் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றில் குறிப்பிடுகிறார். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 320ஐ நான்கு முறை பெருக்கி அதை ஐந்தால் பெருக்கினால் வருவதுதான். ஒரு வேலி என்பது பின்னாளைய தஞ்சைக் கணக்கில் ஏறக்குறைய 6.6 ஏக்கர். அப்படியென்றால் அந்தப் பங்கு சுமார் அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியைக்கூட அதில் படுக்க வைக்க முடியாது. எந்தக் கோலைப் போட்டும் அதை அளந்திருக்க முடியாது. வகுத்து வகுத்து, மிச்சத்தை விடாமல் கீழே இறக்கியதால் காகிதத்தில், இல்லை, ஓலையிலும் கல்லிலும் வந்து விழுந்த எண் அது.

தமிழனின் கணித அறிவுக்கு இதை உதாரணமாகக் காட்டும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த நிலத்தை எதற்காக அளந்தார்கள்? வரிக்காக. அரசு அரை சதுர மில்லிமீட்டரையும் விடவில்லை. துல்லியம் இருக்கும் இடத்தில் நியாயம் தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதே சமயம், நேர்மாறாகவும் இதைப் பார்க்கலாம். அந்தச் சிறு பங்கு எழுதப்பட்டதால், அதற்குப் பதில் ஒரு முழுக் காணிக்கு வரி கேட்க முடியாது. எழுதிய எண் இரண்டு பக்கத்தையும் கட்டிப்போடுகிறது. எழுதாமல் விட்ட எண் ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்துவிடுகிறது.

இப்போது பாட்டியின் கேள்வியின் இரண்டாவது பகுதி: எந்தப் பக்கம் தள்ளுவது?

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் படையின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்றைத் தடுக்கத் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். காரணம், பத்தில் ஒன்று. அந்த அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டு வந்தது. அதை விநாடியாக மாற்ற 0.1ஆல் பெருக்க வேண்டும். 0.1ஐ வைத்துக்கொள்ள இருந்தது 24 பிட் கட்டம். அடங்காததை வெட்டிவிட்டார்கள். ஒரு முறைக்கு விழுந்த மிச்சம் கோடியில் ஒரு விநாடி அளவுதான். ஆனால் அமைப்பு நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. மிச்சங்கள் சேர்ந்து 0.34 விநாடி ஆயின. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தடுப்பு அமைப்பு ஆகாயத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது என் கண்ணில் பட்டது மிச்சத்தின் அளவு அல்ல. மிச்சம் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் விழுந்திருக்கிறது. ஒரு முறை கூடி ஒரு முறை குறைந்திருந்தால் ஒன்றையொன்று தின்றிருக்கும். வெட்டுவது எப்போதும் குறைக்கும். எப்போதும் குறைப்பது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒருநாள் பெரிதாகும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் எடைக் கருவிகளுக்கு நிரல் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். செம்பனைப் பழம் வாங்கும் ஓர் இடத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்தோம். சிறு தோட்டக்காரர்கள் பழத்தைக் கொண்டுவருவார்கள். தராசு கிலோவில் எடை தரும். சீட்டில் டன் கணக்கில் இரண்டு தசம இடத்தோடு அச்சாகும். அதை வைத்துத்தான் பணம். 1,237 கிலோ என்றால் 1.24 என்று வரும்படி எழுதியிருந்தேன். அதாவது அருகில் இருக்கும் எண்ணுக்குக் கொண்டுபோவது. 1,232 என்றால் 1.23. ஒரு முறை அவருக்கு லாபம், ஒரு முறை இவருக்கு.

சோதனை ஓட்டத்தின்போது வாங்கும் இடத்திலிருந்து ஒரு சொல் வந்தது: "பொத்தோங் சாஜாலா." வெட்டிவிடு. 1,237ம் 1.23தான். 1,239ம் 1.23தான்.

ஒரே வரி. ஐந்து நிமிடத்தில் மாற்றினேன். என் கை நடுங்கவில்லை. அன்று மதியம் நன்றாகவே சாப்பிட்டேன்.

இரவில்தான் கணக்குப் போட்டேன். கடைசி இலக்கம் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை எதுவாகவும் இருக்கலாம். சராசரியாக ஒரு சீட்டுக்கு 4.5 கிலோ வெட்டுப்படும். டன் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 3 ரிங்கிட் 60 சென். நாளைக்கு ஐம்பது சீட்டு, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 4,500 ரிங்கிட். யாரும் திருடவில்லை. தராசில் ஒரு குறையும் இல்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை சொன்ன தராசு அது, சமனாகத்தான் நிற்கிறது. தராசு சொன்னதை எழுதிய கை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தக் கை என்னுடையது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் உண்டு. நாலு கிலோ என்ன பெரிய விஷயம், ஒரு குலையின் காம்பே அவ்வளவு இருக்கும். சரிதான். ஆனால் இரண்டு பக்கமும் விழுகிற பிழை என்றால் அதை அதிர்ஷ்டம் என்று விடலாம். ஒரே பக்கம் விழுகிற பிழைக்குப் பெயர் வருமானம். பழத்தில் ஈரம் இருக்கும், காம்பு நீளமாக இருக்கும், அதற்குக் கழிக்கிறார்கள் என்று இன்னொரு சமாதானம். கழிக்கட்டும். ஈரம் என்று எழுதிக் கழிக்கட்டும். எழுதினால் மறுத்துப் பேசலாம். மூன்றாவது தசமத்தில் ஒளித்து வைத்தால் யாரோடு பேசுவது? கடைசிச் சமாதானம்: நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதையே அந்தக் கிராணியும் சொல்லியிருக்க முடியும்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு சென் காசு இல்லாமல் கணக்கு முடிக்கிறோம். மொத்தத் தொகை ஒன்று, இரண்டு, ஆறு, ஏழில் முடிந்தால் கீழே போகும். மூன்று, நான்கு, எட்டு, ஒன்பதில் முடிந்தால் மேலே போகும். நான்கு வாங்குபவருக்கு, நான்கு கடைக்காரருக்கு. இந்த விதியில் எனக்குப் பிடித்தது, நான் கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கப் போகிறேன் என்று தெரியாமலே இதற்குச் சம்மதிக்க முடியும் என்பது. கட்டம் இங்கேயும் சின்னதுதான். ஆனால் மிச்சம் போகும் திசையை ஊரறியச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மிச்சம் விழுவது கணிதம். அதை எங்கே விழவைப்பது என்பது ஒருவர் எடுக்கும் முடிவு. முடிவெடுத்தவர் கணிதத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளக் கூடாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்குச் சுங்கை பஞ்சாங் பக்கம் சில ஏக்கர் செம்பனை உண்டு. அவர் பழம் கொடுப்பது வேறோர் இடத்தில். எங்கள் மென்பொருள் அங்கே இல்லை. பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 0.86, 1.12, 0.94. எல்லாம் இரண்டு தசமம். கிலோ இல்லை. வெட்டிய எண்ணா, நியாயமாக அருகில் கொண்டுபோன எண்ணா? சீட்டை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் சொல்ல முடியாது. நிரல் எழுதுகிற எனக்கே தெரியவில்லை. "என்ன மாப்ள, அப்படிப் பாக்குற?" என்றார். சொன்னேன். "மூணாவது நம்பர யாருப்பா பாக்குறா" என்று டின்னை மூடிவிட்டார்.

அப்போதுதான் பாட்டிக்கு இருந்த ஒரு வசதி எனக்கு உறைத்தது. அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் தராசு முள் அவர் கண்ணெதிரே முக்காலில் நின்றது. கிராணி பார்த்ததை அவரும் பார்த்தார். அதனால்தான் கேட்க முடிந்தது. மாமா படித்தவர், கைத்தொலைபேசியில் விலை பார்க்கிறவர். அவருக்கு முள் இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் அந்த வரியை மாற்றலாமா என்று கேட்டேன். வாடிக்கையாளர் கேட்டபடிதான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. சரி, சீட்டில் டன்னுக்கு மேலே கிலோவையும் அச்சிடலாமா என்று கேட்டேன். அதற்குச் செலவில்லை என்பதால் யாரும் மறுக்கவில்லை. இப்போது அந்தச் சீட்டில் முதலில் 1237 கிலோ என்று வருகிறது. அதற்குக் கீழே 1.23 டன். யாராவது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வெட்டுகிற வரி இன்னும் என் பெயரோடு நிரலில் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் தராசு முள்ளைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்ததுதான். மற்றதெல்லாம் என் கணக்கில் இன்னும் பாக்கி.